கட்டியில் ரத்தக் குழாயை எண்ணினால் புற்றுநோயின் போக்கு தெரியுமா?

"ரத்தக் குழாயை வச்சே மார்பகப் புற்றுநோய் பரவுமான்னு சொல்லிடலாம்!" இப்படி ஒரு செய்தி உங்கள் ஃபோனுக்கு வந்தால், ஃபார்வர்டு பண்ணும் முன் ஒரு நிமிஷம். இது புது யோசனை இல்லை.

கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர ஆக்சிஜனும் ஊட்டமும் வேண்டும். அதற்காகப் பக்கத்துக் குழாய்களிலிருந்து புதுக் கிளைகளை வரவழைத்துக்கொள்கிறது. 1971-ல் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் இதைச் சொன்னபோது பலரும் நம்பவில்லை. 1991-ல் நோயல் வைட்னரும் ஃபோக்மனும் அடங்கிய குழு, 49 பேரின் மார்பகக் கட்டிகளைச் சாயமேற்றி, குழாய்கள் மிக நெருக்கமாக உள்ள இடத்தைத் தேடி எண்ணியது. நோய் பரவியிருந்தவர்களுக்குச் சராசரி 101. பரவாதவர்களுக்கு 45.

இரண்டு மடங்குக்கும் மேல்! அப்புறம் ஏன் வழக்கமான பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லை?

எண்ணுவதிலேயே சிக்கல். 'மிக நெருக்கமான இடம்' எது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர்தான் முடிவு செய்கிறார். அடுத்தவர் வேறு இடத்தைக் காட்டுவார். சாயத்தை மாற்றினால் எண்ணும் மாறும். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது தொடர்பு இருக்கத்தான் செய்தது, ஆனால் பலவீனமாக. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தின் கதையும் கிட்டத்தட்ட இதேதான்: முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 2008-ல் அனுமதித்தது, ஆயுள் நீண்டதாக நிரூபணமாகாததால் 2011-ல் அந்த அனுமதியை ரத்து செய்தது.

குழாய் பற்றிய வேறொரு தகவல் மட்டும் ரிப்போர்ட்டில் இடம்பிடித்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் 'லிம்ஃபோவாஸ்குலர் இன்வேஷன்' என்ற வரியைப் பாருங்கள். ரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ புற்றுநோய் செல்கள் நுழைந்திருக்கின்றனவா என்பதை அது சொல்கிறது. எத்தனை குழாய் என்பதல்ல, உள்ளே யார் இருக்கிறார் என்பது! வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இந்த வரியைப் பற்றித்தான் என்பேன்.

இப்போது ஏஐ வந்திருக்கிறது. அலுக்காமல் முழு ஸ்லைடையும் எண்ணும். ஆளுக்கு ஆள் மாறும் தொல்லை குறையும். நல்லதுதான். ஆனால் நிணநீர்க் கணு, ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 ஆகியவை ஏற்கெனவே சொல்வதற்கு மேல் அந்த எண் புதிதாக என்ன சொல்கிறது? வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் அது சரியாக வருகிறதா? இந்த இரண்டையும் கேட்காமலே 'திருப்புமுனை' என்று தலைப்பு வைப்பது எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க்குகளின் பழக்கம். நானும் வைத்திருக்கிறேன்.