கார்பனைப் பிடிக்கும் கோபுரத்துக்குள்ளே என்னதான் இருக்கு?

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிப்பது பற்றிப் பேச்சு வந்தாலே, எல்லோரும் கேட்பது "எந்த ரசாயனம்?" என்றுதான். கோபுரத்துக்குள் நிரப்பியிருக்கும் 'பேக்கிங்' பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்கிறேன்.

இது எப்படி வேலை செய்யுது? மேலிருந்து அமீன் கரைசல் வழியும். கீழிருந்து புகை ஏறும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு கரைசலுக்குள் போய்விடும். பிறகு கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும்.

நிலக்கரிப் புகையில் இந்த வாயு 12 முதல் 15 சதவீதம்தான். அதைப் பிடிக்கத் தொடும் பரப்பு நிறைய வேண்டும். அதற்குத்தான் நெளிநெளியான தகடுகள். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், ஒரு கன மீட்டருக்குள் 250 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கும். ஒரு கிரவுண்ட் மனையைவிட அதிகம்!

அப்போ இன்னும் நெருக்கமா அடுக்கிட்டா போதாதா? போதாது. இடைவெளி குறைந்தால் புகை ஏறத் திணறும். அதைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் கூடும். தவிர, பரப்பு இருந்தால் மட்டும் போதாது, அது நனையவும் வேண்டும். பிளாஸ்டிக் மலிவு, துருப்பிடிக்காது. ஆனால் கரைசல் அதன்மேல் தாமரை இலைத் தண்ணீர்தான். எஃகு நன்றாக நனையும், விலை அதிகம். அதனால்தான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை நீர் பரவும்படி மாற்றும் ஆய்வுகள் முக்கியம்.

இன்னொரு சிக்கல், வெப்பம். வினை நடக்கும்போது கரைசல் சூடாகும். சூடானால் பிடிமானம் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2020-இல் இதற்கு ஒரு வழி காட்டியது: முப்பரிமாண அச்சில் செய்த அலுமினிய பேக்கிங்குக்குள்ளேயே குளிரூட்டும் பாதைகள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லணும். இயக்கச் செலவில் பெரும்பங்கு கரைசலைச் சூடாக்குவதில்தான் போகிறது. பேக்கிங் மட்டும் அதைப் பெரிதாகக் குறைத்துவிடாது. ஆனால் கோபுரத்தின் உயரத்தையும், அதைக் கட்டும் செலவையும், விசிறியின் மின்சாரத்தையும் குறைக்க முடியும். இடநெருக்கடி உள்ள பழைய ஆலைகளுக்கு அதுவே பெரிய விஷயம்.

தூத்துக்குடி சோடா ஆலை ஒன்றில், ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பிடிக்கும் திட்டம் 2016-லேயே தொடங்கியது. ஆக, இது நமக்குப் புதுசு இல்லை. தகட்டை நெளித்து வெட்டத் தெரிந்த பட்டறைகளும் இங்கே இருக்கின்றன. ஆய்வகத்தின் சுத்தமான வாயுவில் இல்லாமல், சாம்பல் கலந்த நிஜப் புகையில் புது பேக்கிங்குகளைச் சோதிக்க ஆலைகள் கதவைத் திறக்க வேண்டும். ரசாயனத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது தகட்டுக்கும் கிடைக்கட்டும்.