புகையும் விளக்கும் கொஞ்சம் கல்யாணியும்

கோவையில் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டும் நண்பன் போன் பண்ணினான். "மாப்ளே, ஒரு கச்சேரி இருக்குது. பாட்டு, டான்ஸ், நாடகம், லைட்டு எல்லாம் ஒண்ணா. தூங்கவே வுடமாட்டாங்க, வந்துரு."

போனேன். பாடகி கல்யாணியை மெதுவாக ஆரம்பித்ததும் பின்னால் திரை நீலமானது. அனுபல்லவியில் பச்சை. சரணத்தில் சிவப்பு. சிக்னலில் நிற்கிற மாதிரியே இருந்தது. நாலு இளைஞர்கள் கறுப்புச் சட்டையில் வந்து மேடையில் உருண்டார்கள். ஏன் உருண்டார்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. இருட்டில் படிக்க முடியவில்லை. அப்புறம் புகை மெஷினைத் திறந்துவிட்டார்கள். மிருதங்க வித்வான் இருமினார். தாளம் தப்பாமல் இருமினார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இடைவேளையில் பக்கத்து சீட்டுப் பெரியவர் பொருமினார். "சங்கீதத்தக் கெடுத்துப்போட்டானுங்க தம்பி. காலங்காலமா ஜமக்காளத்துல உக்காந்து பாடினதுதானுங்க கச்சேரி!"

பெரியவரிடம் வாதாடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். அந்தக் 'காலங்காலம்' சுமார் நூறு வருஷம்தான். வர்ணத்தில் ஆரம்பித்து, விறுவிறுவென்று கீர்த்தனைகள் பாடி, கடைசியில் துக்கடா போட்டு மங்களம் பாடுகிற இன்றைய பாணியைப் பிரபலமாக்கியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967). அதற்கு முன்னால் பாட்டும் கூத்தும் ஒரே வீட்டில்தான் குடித்தனம் செய்தன. அருணாசலக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் ராமாயணத்தையே பாட்டு நாடகமாக எழுதினார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் 1861-ல் அச்சாயிற்று. அதைக் கதாகாலட்சேபம் செய்தவர் ஒரே ஆளாகப் பாடுவார், பேசுவார், நந்தனாராக அழுவார், அடுத்த நிமிஷம் வேதியராக அதட்டுவார். தியாகராஜரே நௌகா சரித்திரம் என்று படகு விடுகிற இசை நாடகம் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு தூரம் ஏன் போவானேன்? எங்கள் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறினால் கொடுமுடி.

1908-ல் அங்கே பிறந்த கே.பி.சுந்தராம்பாள் சின்ன வயதில் ரயிலில் பாடிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து நாடகத்துக்குப் போனார் என்பார்கள். செங்கோட்டை கிட்டப்பாவும் இவரும் ஜோடி சேர்ந்து 'வள்ளி திருமணம்' போட்டால் சனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். மைக் பரவாத காலம் சார். கடைசி வரிசைக்காரனுக்கும் அட்சரம் கேட்க வேண்டும், ராகமும் சுத்தமாக இருக்க வேண்டும், முகத்தில் வள்ளியும் தெரிய வேண்டும். ஒரே சம்பளத்தில் மூன்று வேலை! அங்கே வேலன் பாடுவதற்குக் காரணம் இருந்தது: வள்ளியை மயக்கியாக வேண்டும். கோவையில் திரை பச்சையானதற்கு எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

1933-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது. 25 வயது சுந்தராம்பாள் வெள்ளைக் கதருக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சினிமாக்காரர்கள் விடுவார்களா? தொந்தரவு தாங்காமல், லட்ச ரூபாய் கேட்டால் ஓடிப்போவார்கள் என்று கேட்டாராம். கொடுத்துவிட்டார்கள்! 1935-ல் வந்த 'நந்தனார்' அது. (நான் பி.காம். அந்தக் காலத்து லட்சத்தை நினைத்தாலே பேலன்ஸ் ஷீட் கண்ணில் ஆடுகிறது.) ஜோடி வேண்டாம் என்றவர் அதில் ஆண் வேஷம், நந்தனாராகவே நடித்தார். அவரை ஆட்டிவைக்கும் வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கச்சேரி மேடையின் மகாவித்வான். சேரிக்காரராக ஒரு பெண் பாட, சபா மேடையின் சக்கரவர்த்தி எதிர்ப்பாட்டுப் பாடினார். புகை மெஷின் இல்லாமலே புதுமை!

எங்கள் அமுச்சி 1953-ல் 'ஔவையார்' வந்தபோது டூரிங் கொட்டாயில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர். "அந்தம்மா வாயத் தொறந்தா சீட்டியடிக்கிற பசங்ககூட கம்முனு இருப்பானுங்க" என்பார். விமர்சனம் அவ்வளவுதான்.

இந்தக் காலத்திலும் உருப்படியாகச் செய்தவர்கள் உண்டு. 2008-ல் ஜெயேந்திரா, பாம்பே ஜெயஸ்ரீயையும் டி.எம்.கிருஷ்ணாவையும் பாடவைத்து, பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவில் 'மார்கழி ராகம்' என்று ஒரு கச்சேரியையே சினிமாவாக்கினார். பாடுகிறவரின் விரல், ஒரு புருவ அசைவு, பக்கவாத்தியக்காரரின் சின்னச் சிரிப்பு... பின்வரிசை டிக்கெட்காரனான நான் சபாவில் பார்க்கவே முடியாதவை.

அதைவிடத் துணிச்சல், 2017 வாக்கில் கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் காஞ்சிபுரம் கட்டைக்கூத்து சங்கத்தின் பி.ராஜகோபாலுடன் சேர்ந்து செய்த 'கர்நாடிக் கட்டைக்கூத்து'. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கூத்துக் கலைஞர்களோடு கச்சேரிக்காரர்கள் ஒரே மேடையில். கேட்கச் சுலபம். ஆனால் கூத்துக்காரர் விடிய விடிய வெட்டவெளியில் பாடிப் பழகியவர், குரல் உச்சத்தில் நிற்கும். சபாக்காரருக்கு மைக் உண்டு, கீழ் சுருதி போதும். இருவரும் சேர்ந்தால் யார் ஏறுவது, யார் இறங்குவது? இது சுருதிப் பெட்டி விவகாரம் மட்டுமில்லை. ஒரு கூட்டத்துக்கு ஏசி ஹாலும் விருதும். இன்னொரு கூட்டத்துக்கு வயல்காடும் பெட்ரோமாக்ஸும் என்று பிரித்து வைத்ததே நாம்தானே?

எங்கள் பக்கமும் ஒன்று பாக்கி இருக்கிறது. அண்ணன்மார் கதை. காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் அதை ராத்திரி ராத்திரியாக டேப்பில் பிடித்தார். உடுக்கையடித்துப் பாடும் ஆசாமியே பொன்னர், அவரே சங்கர், அவரே தங்காள். அண்ணன்கள் செத்த சேதியில் தங்காள் அழுகிற இடத்துக்கு ஒரு கச்சேரி வித்வான் உடுக்கைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகாரி பாடட்டும். கோயில் முற்றம் போதும். பாய், தலையணை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.