வைத்தியர்களின் மனப்புண்

2020-ம் வருஷம் மார்ச் மாதம் 22-ந் தேதி மாலை 5 மணிக்குத் தேசமெங்கும் ஜனங்கள் வாசலில் நின்று கைதட்டினர். மே மாதம் 3-ந் தேதி ஆகாயப்படையின் ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின்மீது பூமாரி பொழிந்தன. பூவின் அருமையைச் சங்கரன்கோவில்வாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காலையில் சந்தைக்கு வந்த பூ மாலையில் வாடிவிடும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். கொரோனாக் காலத்தில் உழைத்த வைத்தியர், நர்ஸுகள், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோருக்கு நாம் செலுத்திய நன்றியும் அவ்வாறே வாடிற்று.

அவ்விரு தேதிகளுக்கும் இடையே சென்னையில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோமாக. ஏப்ரல் 19-ந் தேதி டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் என்னும் நரம்பியல் அறுவை நிபுணர் கொரோனாவினால் மாண்டார். அவரது சடலத்தை அடக்கம் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் கல்லும் தடியுங்கொண்டு தாக்கிற்று. ஆம்புலன்ஸ் ஊழியர் காயமுற்றனர். நள்ளிரவில் அவரது சக வைத்தியர் ஒருவர் தாமே மண்வெட்டி பிடித்து அடக்கத்தை முடித்தார். தமக்கும் இக்கதிதானோ என்று அன்று எத்தனை வைத்தியர்கள் மனங்கலங்கியிருப்பர்!

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. ஏப்ரல் 22-ந் தேதி, 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம் அவசரச் சட்டத்தால் திருத்தப்பட்டு, வைத்திய ஊழியருக்குக் கொடுங்காயம் விளைப்போருக்கு 7 வருஷம்வரை சிறை விதிக்கப்பட்டது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால், மனத்திற் பட்ட காயத்திற்கு என்ன பரிகாரம்?

அக்காயம் எவ்வாறு உண்டாயிற்றென்று பார்ப்போம். காற்றுப்புகாத கவச உடையில் பல மணி நேரம் தண்ணீரும் அருந்தாமல் நின்றனர். வேலை முடிந்தும் பெற்ற குழந்தையைத் தொட அஞ்சித் தனித்திருந்தனர். வாடகை வீட்டைக் காலிசெய்யும்படி பலர் நிர்ப்பந்திக்கப்பட்டனர். உற்றார் எவரும் அருகிலின்றி உயிர்விட்டவர்களின் கடைசிப் பேச்சைக் கேட்டோர் இவர்களே. 2021 மே மாதத்தில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாகக் காத்து நின்றபொழுது, எவரை முதலில் உள்ளே எடுப்பதென்னும் கொடிய தீர்ப்பும் இவர்கள் தலையில் விழுந்தது. நியாயாதிபதிக்கு யோசிக்க அவகாசமுண்டு. இவர்களுக்கு அதுவுமில்லை.

"சம்பளம் வாங்குகிறார்கள், மனத்திடமில்லாதார் இத்தொழிலுக்கு வருவானேன்?" என்பர் சிலர். போர்முனையில் நிற்கும் சிப்பாய்க்கும் சம்பளமுண்டு. ஆயினும் அவனை முறைமாற்றி ஓய்வளியாத சேனாபதி உண்டோ? இங்கோ, பெருந்தொற்றின்போது தற்காலிகமாக நியமிக்கப்பட்ட நர்ஸுகளில் 2,000-க்கு மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு நிறுத்தப்பட்டனர். மாற்று வேலை தருவதாகச் சர்க்கார் கூறியது அவர்கள் வீதியில் நின்று முறையிட்ட பின்னரே. நாளை வேலையுண்டோ என்று ஏங்கும் மனத்திற்கு எந்த ஆறுதல் மொழியும் மருந்தாகாது.

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், சர்க்கார் செலவில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை யாவர்க்கும் அளித்திருக்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற இலக்கத்தில் இலவசத் தொலைபேசி ஆலோசனையும் நடைபெறுகிறது. இவை நன்றே. எனினும், தன் துயரத்தைச் சொன்னால் மேலதிகாரி தன்னைத் திறமையற்றவளென்று குறித்துவிடுவாரோவென அஞ்சும் நர்ஸுக்கு உரிமை ஏட்டுச் சுரைக்காயே. ஆகையால் மூன்று காரியங்கள் உடனே வேண்டும். வேலைநேரத்திற்கு மீறலாகாத வரம்பு. நிரந்தர வேலைக்கு நிரந்தர நியமனம். மேலதிகாரிக்குத் தெரியாமல் ஆலோசனை பெறும் வசதி.

இவற்றைச் சென்னையும் டில்லியும் செய்யட்டுமென்று நாம் கைகட்டியிருத்தல் தகாது. நோய் நீங்கப் புற்றுமண் நாடிப் பல ஊராரும் வரும் தலம் இது. இவ்வூரில் நோய் தீர்க்க உழைப்பவர் எவரும் வீடின்றியோ, இடுகாடின்றியோ அலைக்கழிக்கப்படலாகாதென நமது நகரசபையார் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மேற்சொன்ன மூன்று கோரிக்கைகளையும் சர்க்காருக்கு அனுப்பவேண்டும். தெருத்தோறும் சென்று அச்சம் நீக்கிப் பேசுவது நமது இளைஞர்களின் கடமை. அடுத்த கொள்ளைநோய் தேதி சொல்லி வராது. வேலையை இப்பொழுதே தொடங்குக.