மனுஷனுக்கும் ஒரு டாலரன்ஸ் வேண்டாமா?

ஷாஃப்ட் ஒன்று, ஹோல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மைக்ரான் இருக்கலாம் என்று மணிக்கணக்காகப் படிக்கிறோம். கிளியரன்ஸ் ஃபிட், டிரான்சிஷன் ஃபிட், இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். நல்லதுதான். ஆனால் அந்த மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கப்போகிற மனுஷனுக்கும் மெஷினுக்கும் என்ன ஃபிட்? எந்த டிராயிங்கிலாவது பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே?

இதைச் சொல்லித்தரும் துறைக்கு எர்கானமிக்ஸ் என்று பெயர். தமிழில் பணிச்சூழலியல். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வேலைக்காக ஆளை வளைக்காதே, ஆளுக்கு ஏற்ற மாதிரி வேலையை அமை. அவ்வளவுதான் விஷயம்!

"போகப் போகப் பழகிடும்ப்பா" என்பார்கள் சிலர். பழகினால் போதுமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தேய விழுந்தன. இறக்கையின் ஃபிளாப்பை மடக்க நினைத்த விமானி சக்கரத்தை மடக்கிவிட்டார். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்தான் இப்படிச் செய்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி! சக்கர சுவிட்சில் சின்ன ரப்பர் சக்கரமும், ஃபிளாப் சுவிட்சில் ஆப்பு மாதிரி ஒரு துண்டும் பொருத்தச் சொன்னார். கை தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. தப்பு விமானியிடம் இல்லை, டிசைனில் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் டிராயிங் ஷீட்டைத் தொட்ட முதல் ஆள் நான். அப்பா லோடுமேன். அவர் முதுகில் ஏறும் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அமெரிக்காவின் நியாஷ் என்ற அரசு நிறுவனம் 1991-ல் திருத்திய சூத்திரப்படி, எல்லா வசதியும் சரியாக இருந்தால்கூட கையால் தூக்கும் எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாது. அம்மாவும் சித்தியும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். ரெண்டு பேருக்கும் ஒரே உயர மேஜை. அம்மா குள்ளம், தோளைத் தூக்கியே வேலை செய்யணும். சித்தி உயரம், குனிஞ்சே நிற்கணும். ராத்திரி ரெண்டு பேர் வீட்டிலும் தைல வாசனை!

"சராசரி உயரத்துக்குத்தானே மேஜை போட்டிருக்கு" என்று கேட்கலாம். 1950-ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. அதில் பத்து அளவுகளை எடுத்து கில்பர்ட் டேனியல்ஸ் கணக்குப் பார்த்தார். பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருத்தர்கூட இல்லை! அதனால்தான் முன்னே பின்னே நகர்த்தும் சீட் வேண்டும் என்றானது. சராசரி மனுஷன் கணக்கில்தான் இருக்கிறான், கம்பெனியில் இல்லை.

நம் ஊர்க்காரர்களின் அளவு எங்கே கிடைக்கும்? அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே இந்திய ஆண், பெண் உடலளவுகளைப் புத்தகமாகப் போட்டுவிட்டது. நாம்தான் புரட்டவில்லை.

2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தின. வரவேற்கிறோம். ஆனால் நின்று வேலை பார்க்கும் உயரத்தில் கவுண்ட்டரைக் கட்டி, கீழே முட்டி நுழைய இடமும் விடாமல், வெறும் ஸ்டூலைப் போட்டால் அதில் உட்கார்ந்து எப்படி வேலை செய்வது? சட்டம் ஸ்டூல் போடச் சொல்லும். முட்டிக்கு இடம் விட வேண்டியது டிராயிங் போடுகிற நாம்தான்.

செலவாகும் என்கிறார்களா? பேப்பரில் இருக்கும்போது மாற்ற ஒரு ரப்பர் போதும். இரும்பாக நின்ற பிறகுதான் கேஸ் கட்டர் வேணும்.

ஆகவே என் கருத்து இதுதான். இறுதியாண்டு புராஜெக்ட் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் அதை இயக்கப்போகிறவருக்காக ஒதுக்குவோம். அவர் கை எட்டும் தூரம், நிற்கும் உயரம், தூக்கும் எடை எல்லாம் அதில் இருக்கட்டும். வைவா-வில் ஆசிரியர்கள் அதையும் கேட்கட்டும். ஃபிட்டிங் ஷாப்பில் வைஸ் முழங்கை மட்டத்தில் இருக்கணும் என்று படிக்கிறோமே, குள்ளமான மாணவர் காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போடுவதிலிருந்து தொடங்கலாம்.

நாளை நாம் போடும் கோட்டின் முன்னால் நிற்கப்போவது நம் வீட்டு ஆட்கள்தான். அவர்கள் உயரத்தைக் கேட்டுவிட்டுக் கோடு போடுவோம் தோழர்களே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்