பாலு யாருக்குத் துரோகம் செய்தார்?

1937ஆம் ஆண்டு பம்பாய் மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் பைகுல்லா-பரேல் தொகுதியில் அம்பேத்கருக்குக் கிடைத்த வாக்குகள் 13,245. அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பெற்றவை 11,225. தோற்றவரும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்தான். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர், அறுபது வயதைத் தொட்டிருந்தவர், இந்திய கிரிக்கெட் கண்ட முதல் மாபெரும் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு.

பெங்களூர் பிரேசர் டவுனில் நண்பர்கள் கூடிப் பேசும்போது பாலுவின் பெயர் எழுந்தால் ‘துரோகி’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. இளைஞர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவமானங்களைத் தாண்டி மேலே வந்த ஒருவர், ஓய்வுபெற்ற பிறகு தன் பெயரையும் புகழையும் எடுத்துக்கொண்டுபோய் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தினார் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பாலு செய்தது தவறு, துரோகம் இல்லை என்பதே என் கருத்து. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் 1937இல் நடந்தது என்ன என்பதும் புரியாது, இன்று நம் தெருவில் நடப்பது என்ன என்பதும் புரியாது.

பாலு இன்றைய கர்நாடகத்தின் தார்வாடில் 1876இல் பிறந்தவர். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தில் மாதம் மூன்று ரூபாய்க்கு வேலை பார்த்தார். ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை போட்டுச் சமன்படுத்துவதும்தான் வேலை. பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே சம்பளம் நான்கு ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவதோடு, பயிற்சிக்கு வரும் வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பந்தும் வீச வேண்டும். ஜே.ஜி. கிரெய்க் என்ற மட்டையாளர், தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்றொரு கதை உண்டு. ஆனால் அந்த கிளப்பில் யாரும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. வீசுவது வேலைக்காரனின் உழைப்பு, அடிப்பது கனவான்களின் கலை என்பது அவர்கள் எண்ணம்.

அந்தப் பந்துவீச்சைக் கேள்விப்பட்ட பூனா இந்துக்கள், வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்தது. மைதானத்துக்குள் எல்லாரும் அதே பந்தைத்தான் தொட்டார்கள். அவர் வீசிய பந்தைப் பிராமண வீரர் பிடித்தார், திருப்பி எறிந்தார், அவர் மறுபடி வாங்கி வீசினார். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் கட்டடத்துக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர். குடித்து முடித்ததும் அந்தக் குவளையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். முகம் கழுவ வேண்டுமென்றால், மைதானத்து மூலையில் இன்னொரு தலித் பணியாளர்தான் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். சாப்பாட்டுக்குத் தனி மேசை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அவர் விக்கெட்டுகளை எடுத்துக்கொண்டே இருந்தார். பிளேக் நோய் பூனாவைத் தாக்கியபோது பம்பாய்க்குப் போனார், அங்கே இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல் மூவரும் பெயர்பெற்ற வீரர்கள் ஆனார்கள். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில், 35 வயதில், அந்தச் சுற்றுப்பயணத்தில் மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தோள்வலியோடு எடுத்த விக்கெட்டுகள் அவை. ஊர் திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவரைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பங்கெடுத்தவர்களில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரி மாணவர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். பாலுவின் வெற்றி தம் மக்கள் அனைவரின் வெற்றி என்று கருதிய தலைமுறை அது.

ஆனால் இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு மட்டும் பாலுவுக்கு எட்டவே இல்லை. 1913இல் தலைவராக்கப்பட்ட எம்.டி. பாய், இந்த மரியாதை மூத்தவரான பாலுவுக்கே போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1920இல் நடந்ததுதான் பெரிய திருப்பம். பாலுவை அணியிலிருந்து நீக்கினார்கள், தலைமையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். விட்டலும் சிவராமும் சாதியின் பெயரால் நடக்கும் இந்த அநீதியை ஏற்க மாட்டோம் என்று அறிக்கை விட்டு அணியிலிருந்து விலகினார்கள். நாடே ஒத்துழையாமை பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. எதிர்ப்பு வலுத்ததும் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள், பாலு துணைத் தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவராகவே ஆனார்.

பாலு எந்தக் கொள்கையில் நின்றார் என்பதற்கு அவர் வாழ்க்கைதான் சான்று. வாசலில் நிறுத்தப்பட்டவர் உள்ளே போனார். உள்ளே போனதும் ஒதுக்கப்பட்டார், திறமையால் தன்னைத் தவிர்க்க முடியாதவராக்கிக்கொண்டார். அப்போதும் ஒதுக்கியபோது அவர் குடும்பம் வெளியேறிப் போராடி மறுபடியும் உள்ளே வந்தது, தலைமையையும் பெற்றது. பொது மைதானத்தை விட்டுவிடக் கூடாது, அதற்குள்ளேயே உரிமையைப் பெற வேண்டும் என்பது அவர் உடம்பால் கற்ற பாடம். முப்பது ஆண்டுகளில் அந்தப் பாடம் அவரளவில் பலித்தும் இருந்தது.

1932இல் தனி வாக்காளர் தொகுதி பற்றிய சண்டை வந்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் வியப்பு இல்லை. பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோர் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்க 71 இடங்களையும் பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கையும் கொடுத்தது. அம்பேத்கர் அதை விரும்பினார். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பாலுவோ, நம் சென்னையின் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டு வாக்காளர் தொகுதியை ஆதரித்தார். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரோடு பாலுவின் கையெழுத்தும் உண்டு. இடங்கள் 148 ஆயின. ஆனால் அந்த 148 பேரை இறுதியில் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாச் சாதியினருக்கும் போனது. மண் குவளையில் தேநீர் கொடுத்த அதே பூனாவில்தான் இது நடந்தது.

1935இல் அம்பேத்கர் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தபோது பாலு அதையும் எதிர்த்தார். இந்த விவாதம் பெங்களூர் தண்டுப் பகுதித் தமிழர்களுக்குப் புதிதே இல்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இங்கும் கோலார் தங்கவயலிலும் கிளை விட்டிருந்தது. உள்ளே நின்று போராடுவதா, வெளியேறுவதா என்ற கேள்விக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். இருபக்கமும் நேர்மையானவர்கள் இருந்தார்கள். பாலு ஒரு பக்கம் நின்றார், கடைசிவரை அங்கேயே நின்றார். கொள்கையை மாற்றிக்கொண்டார் என்று அவர்மீது குற்றம் சொல்ல முடியாது.

அப்படியானால் தவறு எங்கே? இரண்டு இடங்களில். முதலாவது, தனக்குப் பலித்தது எல்லாருக்கும் பலிக்கும் என்று அவர் நம்பினார். இந்து அணிக்கு பாலு தேவைப்பட்டார், அவர் இல்லாமல் வெள்ளையரை வெல்ல முடியாது. ஆனால் தெருப் பெருக்கும் ஒருவரோ நிலமற்ற கூலி ஒருவரோ பொது மைதானத்தின் வாசலில் நின்றால், அவர் இல்லாமல் யாருக்கு எதில் தோல்வி வந்துவிடப் போகிறது? உள்ளே விட வேண்டிய நெருக்கடி யாருக்கும் இல்லை. அம்பேத்கர் அதைக் கண்டார், பாலு காணவில்லை. இரண்டாவது தவறு 1937. கொள்கையில் வேறுபடுவது ஒன்று. காங்கிரஸின் வேட்பாளராக நின்று, ஒடுக்கப்பட்ட மக்களின் முதன்மையான குரலைச் சட்டமன்றத்துக்கு வெளியே நிறுத்தும் முயற்சிக்குத் தன் பெயரைக் கொடுத்தது இன்னொன்று. அந்த வேலைக்கு அவர் ‘முடியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் பழி முழுவதும் அவர் தலையில் விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்பேத்கரைச் சட்டமன்றத்துக்குள் வரவிடக் கூடாது என்று தீர்மானித்தது காங்கிரஸ். தலித்தை வீழ்த்தத் தலித்தையே, அதுவும் மக்கள் நேசிக்கும் ஒருவரையே தேட வேண்டும் என்று கணக்குப் போட்டதும் அதுதான். அந்த முடிவை எடுத்தவர்களை யாரும் துரோகி என்பதில்லை. பாலுவோடு ஆடிய மேல்சாதி வீரர்களில் எத்தனை பேர் தனி மேசையை எதிர்த்து எழுந்து போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கொள்கைக் கணக்கு கேட்கப்படுவது பாலுவிடம் மட்டும்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்த பேஸ்பால் லீக்குகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்க வேண்டும் என்று 1943இல் அணி உரிமையாளர்கள் முன் போய் வாதாடியவர் பாடகர் பால் ராப்சன். அவரும் ஒரு காலத்தில் பேர்போன அமெரிக்கக் கால்பந்து வீரர். நான்காண்டு கழித்து அந்தத் தடையை உடைத்து உள்ளே நுழைந்தவர் ஜாக்கி ராபின்சன். 1949இல் அதே ராபின்சனை, ராப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நாடாளுமன்றக் குழு அழைத்தது. அவரும் போனார். ஓய்வுபெற்ற பிறகு 1960இல் நிக்சனை ஆதரித்தார். 1972இல் வெளியான தன்வரலாற்றில், அப்படியோர் அழைப்பு இப்போது வந்தால் மறுத்துவிடுவேன் என்று எழுதினார். நம்மூரில் எம்.சி. ராஜாவுக்கும் அப்படியொரு திருப்பம் வந்தது. அவருடைய கோயில் நுழைவு மசோதாவை 1938இல் ராஜாஜி அரசு ஆதரிக்க மறுத்ததும் அவர் காங்கிரஸை நம்புவதை விட்டார், 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவை அம்பேத்கரோடு சேர்ந்து சந்தித்தார். பாலு 1955 ஜூலையில் காலமானார். அம்பேத்கர் பௌத்தம் தழுவியதை அவர் பார்க்கவில்லை.

அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மட்டும் இன்னும் நம்மோடு இருக்கிறது. பிரேசர் டவுன் அடங்கிய புலிகேசி நகர் சட்டமன்றத் தொகுதி, 2008 மறுவரையறையிலிருந்து பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. முஸ்லிம்கள், தமிழர்கள், கிறித்தவர்கள் என எல்லாரும் சேர்ந்து இங்கே ஒரு தலித் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். 2018இல் அகண்ட சீனிவாச மூர்த்தி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2020 ஆகஸ்ட் 11 இரவு, உறவினர் ஒருவரின் முகநூல் பதிவைக் காரணம் காட்டி ஒரு கூட்டம் அவர் வீட்டுக்குத் தீ வைத்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். 2023 தேர்தலில் அவருடைய காங்கிரஸ் கட்சி அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. அவர் பகுஜன் சமாஜ் வேட்பாளராக நின்று தோற்றார். தலித் பிரதிநிதியின் அரசியல் ஆயுள் யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு எனக்குத் தேவையில்லை. அவரைக் கொள்கையற்றவர் என்று திட்டியவர்களையும் நான் கேட்டிருக்கிறேன், பாவம் என்றவர்களையும் கேட்டிருக்கிறேன். வேட்பாளரை முடிவு செய்யும் மேசையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

பூனா ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்கக்கூடிய நான்கு பேரை முதலில் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரிலிருந்து ஒருவரைத்தான் பொதுத் தொகுதி தேர்ந்தெடுக்க முடியும். 1946இல் அப்படி முதல் சுற்றில் தலித்துகள் முன்னிறுத்திய அம்பேத்கர் கட்சியினர் பலர் இரண்டாம் சுற்றில் பொது வாக்குகளால் தோற்றது உண்மை. ஆனாலும் அந்த மக்களின் விருப்பம் எண்களாகப் பதிவானது, அம்பேத்கர் அதை வைத்துத்தான் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் வாதாடினார். சுதந்திர இந்தியா அந்த முதல் சுற்றைக் கைவிட்டுவிட்டது. இன்று சகாயபுரத்திலோ டி.ஜே. ஹள்ளியிலோ இருக்கும் தலித் வாக்காளருக்கு, தன் தொகுதிக்கு யார் வேட்பாளராக வேண்டும் என்று சொல்ல எந்த வழியும் இல்லை. பாலுவைப் பற்றி இன்னும் நூறு கூட்டங்களில் சண்டை போடலாம். அதே ஆவேசத்தோடு, 2028 கர்நாடகத் தேர்தலுக்குள் அந்த முதல் சுற்றைக் கட்சிகள் தம் அளவிலாவது நடத்த வேண்டும் என்று பிரேசர் டவுனில் இருந்தே கேட்கத் தொடங்கலாம்.