இரண்டு புதினம், ஒரு கை

"ஒரே வேளையில் இரண்டு புதினங்களை எழுதுகிறவன் கலைஞனல்லன், கூலிக்கு எழுதுபவன்!" இப்படியொரு தீர்ப்பு இலக்கிய மேடைகளிலே அடிக்கடி வழங்கப்படுகிறது. வழங்குவோர் யார்? சாய்வு நாற்காலியிலே அமர்ந்து, "அது தானாக வரவேண்டும் ஐயா!" என்று மேலே கை காட்டும் பெரியோர்கள். எது வரவேண்டும்? அருள்! எங்கிருந்து? அதைமட்டும் கேட்டுவிடக் கூடாது. ஆளுக்கு ஓர் அருள், அருளுக்கு ஒரு புதினம் என்று அங்கே பங்கீட்டு முறை இருக்கிறது போலும்!

தச்சர் ஒருவர் கட்டிலுக்குப் பசை தடவி வைத்துவிட்டு, அது காயும்வரை கதவை இழைக்கிறார். கதவு கெட்டது என்றோ, கட்டில் கெட்டது என்றோ எவரும் பழிப்பதில்லை. எழுத்தும் உழைப்புத்தான் என்று நாம் கூறினால்மட்டும் முகஞ்சுளிப்பானேன்? உழைப்பு என்று ஒப்புக்கொண்டால் ஊதியம் பற்றிப் பேச வேண்டிவரும். அருள் என்று கூறிவிட்டாலோ, மாலை ஒன்று போட்டு அனுப்பிவிடலாம்!

இலண்டனைப் பாருங்கள். 1837ஆம் ஆண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் என்ற 25 வயது இளைஞர். முந்திய ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்', ஒரு ஷில்லிங் விலையில் மாதந்தோறும் வெளிவந்துகொண்டிருக்கிறது. பிப்ரவரியில், தாமே ஆசிரியராக இருந்த 'பெண்ட்லி மிசலனி' என்ற ஏட்டில் 'ஆலிவர் ட்விஸ்ட்' தொடங்குகிறார். எழுதி முடித்துப் பெட்டியிலே பூட்டி வைத்த கதைகளல்ல அவை. அந்தந்த மாதப் பகுதி அந்தந்த மாதமே எழுதப்பட்டது. நவம்பரில் 'பிக்விக்' முடியும்வரை இரண்டு குதிரைகளும் ஒரே வண்டியை இழுத்தன. தரம் குறைந்ததென்று மக்கள் ஒதுக்கினரா? 'பிக்விக்' மாதம் 40,000 படிகள்வரை விற்றது!

ஒன்று சிரிக்க வைப்பது, மற்றொன்று கலங்க வைப்பது. இரண்டும் எப்படி ஒரே உள்ளத்தில் அடங்கும் என்று கேட்கிறார்கள். படித்துவிட்டா கேட்கிறார்கள்? 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் பெற்றெடுத்த அரைப் பட்டினி விடுதியிலே சிறுவன் ஆலிவர் இன்னும் சிறிது கஞ்சி கேட்கிறான். அதே ஆண்டிலே, சிரிப்பூட்ட வந்த பிக்விக் கனவானும் ஃபிளீட் சிறைக்குள் சென்று, கடனுக்காக அங்கே வாடி மடியும் மனிதர்களைக் காண்கிறார். இரண்டையும் எழுதியவர், 1824இல் தம் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைபட்டபோது, 12 வயதிலே காலணி மைப் புட்டிகளுக்குத் தாள் ஒட்டிப் பிழைத்தவர். ஒரே சினத்துக்கு ஓர் ஏடு போதவில்லை, தோழர்களே!

1837 மே 7ஆம் நாள், அவருடைய மனைவியின் தங்கை மேரி ஹோகார்த், 17 வயதுப் பெண், அவர் வீட்டிலே திடீரென மறைந்தாள். ஜூன் மாதத்தில் 'பிக்விக்'கும் வரவில்லை, 'ஆலிவ'ரும் வரவில்லை. மேலிருந்து ஊற்றப்படும் எழுத்தாயிருப்பின், வீட்டிலே சாவு விழுந்ததற்காக அது ஏன் நிற்கவேண்டும்?

களைப்பே இல்லை, ஓட்டையே விழாது என்று நாம் வாதாடவில்லை. விழும். ஆனால், "இரண்டு எழுதலாமா?" என்று எழுத்தாளனைக் கேட்பதற்கு முன், "அவனை எழுத வைத்தது எது?" என்று கேளுங்கள் என்கிறோம்.

ருஷ்ய நாட்டுத் தாஸ்தாயெவ்ஸ்கி கடனிலே மூழ்கியிருந்தவர். 1865இல் ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளர் 3,000 ரூபிள் நீட்டினார். கூடவே ஒப்பந்தத்தையும் நீட்டினார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய புதினம் ஒன்று தரவேண்டும். தவறினால், ஒன்பது ஆண்டுகள் அவருடைய எழுத்தையெல்லாம் காசு கொடுக்காமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்கு! அந்த ஆண்டு முழுவதும் அவர் திங்கள் ஏடு ஒன்றிலே 'குற்றமும் தண்டனையும்' எழுதிக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என இரண்டையும் எழுதிவிடலாமென்று திட்டமிட்டார். அக்டோபர் பிறந்தது. இரண்டாவது புதினத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆளுக்கொரு பகுதி எழுதித் தருவதாக நண்பர்கள் முன்வந்தனர். பிறர் உழைப்பில் தம் பெயரைப் பொறிக்க அவர் இசையவில்லை.

அக்டோபர் 4ஆம் நாள், அன்னா கிரிகோரியெவ்னா என்ற 20 வயதுப் பெண், சுருக்கெழுத்துக் கற்றவர், அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். பேசியிருந்த ஊதியம் 50 ரூபிள். பகலில் அவர் சொல்வார். அன்னா குறித்துக்கொண்டு போய், வீட்டிலே விரித்தெழுதி மறுநாள் கொண்டுவருவார். 26 நாட்களிலே 'சூதாடி' முடிந்தது. 'குற்றமும் தண்டனையும்' நிற்கும் உயரத்தில் அது நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், சூதாட்ட மேசையில் தாமே தோற்றுத் தவித்தவரின் நடுக்கம் அதிலே இருக்கிறது. எத்தனை 'அருள் பெற்ற' ஏடுகளில் அது உண்டு?

கையெழுத்துப் படியை ஒப்படைக்கச் சென்றால் பதிப்பாளர் ஊரிலே இல்லை. அலுவலகத்தில் வாங்க மறுத்தனர். அப்படியே கெடு கடந்துவிடும் என்பது கணக்கு. தாஸ்தாயெவ்ஸ்கி அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, நேரம் தீருமுன் ரசீது பெற்றார். பிறகு வீடு திரும்பி, அதே அன்னாவை உட்கார வைத்து, 'குற்றமும் தண்டனையும்' நூலின் எஞ்சிய பகுதியைச் சொல்லத் தொடங்கினார்.