தோலில் எழுதிய வேதமும் ஆம்பூர் மழலைகளும்

மழலையர் பள்ளிகளில் பண்டிகை என்றாலே மாறுவேடம்தான். டிசம்பரில் பஞ்சுத் தாடி, ரம்ஜானுக்கு ஒரு தொப்பி, பொங்கலுக்கு முழ வேட்டி. பெற்றோர் படம் எடுத்துக்கொள்வதோடு பாடம் முடிந்துவிடும். யூதப் பண்டிகைகளோ எந்தப் பட்டியலிலும் இல்லை. நம் பக்கத்து யூதர்கள் என்றால் கொச்சி. அங்கும் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட, இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சியிருக்கிறார்கள். ஆயினும், வேலூரிலிருந்து வாணியம்பாடி வரையிலான இந்தத் தோல் சீமையில், நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கைவேலையாகவே கற்பிக்கத் தகுந்த பண்டிகை ஒன்று யூதர்களிடம் இருக்கிறது என்பது என் கட்சி.

அது சிம்ஹத் தோரா, தோராவின் மகிழ்ச்சி. மோசேயின் ஐந்து நூல்களையும் வாரம் ஒரு பகுதியாக ஆண்டு முழுவதும் வாசித்து, இறுதிப் பகுதியை முடித்த கையோடு முதல் வரிக்குத் திரும்பும் நாள். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும். சுருள்களைப் பேழையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஏழு முறை ஆடிப்பாடிச் சுற்றுவார்கள். பிள்ளைகள் கொடி பிடித்து உடன் வருவார்கள். கொடிக்கம்பின் நுனியில் ஆப்பிளைச் செருகும் பழக்கமும் உண்டு. மற்ற நாட்களில் வளர்ந்தோருக்கே உரிய வாசிப்பு மேடைக்கு அன்று குழந்தைகளைக் கூட்டமாக அழைத்து, அவர்கள் தலைக்குமேல் ஒரே சால்வையை விரித்துப் பிடிப்பார்கள்.

அந்தச் சுருள் எதனால் ஆனது? தோலால். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தி, அதன்மேல் 304,805 எழுத்துகளையும் கையாலேயே எழுதவேண்டும். துண்டுகளை விலங்கின் தசைநாரால் தைத்து இணைக்கிறார்கள். ஏமன் யூதர்களின் பழஞ்சுருள்கள் துவர்ப்பூட்டிப் பதனிட்ட செம்பழுப்புத் தோலில் அமைந்தவை. ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்ட நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தால், பாதிச் செய்முறையை அவரே சொல்லிவிடுவார்.

ஆம்பூரில் ஒரு வகுப்பறையில், பக்கத்துப் பிள்ளையின் சட்டையில் தோல் வாடை என்று மூக்கைப் பிடித்துக்கொண்ட குழந்தையைக் கண்டிருக்கிறேன். அந்தப் பாவனையை நான்கு வயதில் யாரும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. தோலைத் தொடுபவனைத் தள்ளிவைத்த பல நூற்றாண்டுகள் அதற்குள் இருக்கின்றன. சமத்துவம் பற்றிய பாட்டு அதை அசைக்காது. உலகில் ஒரு சமூகம் தன்னிடமுள்ள ஆகப் புனிதமான பொருளைத் தோலில் எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது என்பதைக் கையால் அறிந்தால் ஒருவேளை அசையலாம்.

முஸ்லிம்கள் நிறைந்த ஊரில், பாலஸ்தீனத்தில் இவ்வளவு நடந்தபின் யூதப் பண்டிகையா என்று கேட்கக்கூடும். அந்தக் கோபம் பொய்யன்று. அதை மழுப்பவும் வேண்டாம். ஆனால் ஓர் அரசின் செயலுக்கு ஒரு வேதம் பொறுப்பாகாது. மேலும் அந்த வேதம் இங்கே அந்நியமும் அன்று. மதரஸா செல்லும் பிள்ளைக்கு அது மூஸா நபிக்கு அருளப்பட்ட தவ்ராத். தேவாலயம் செல்லும் பிள்ளைக்கு அது பைபிளின் முதல் ஐந்து புத்தகங்கள்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் படத்தாள்களை நகலெடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு குச்சிகள், நீளத் தாள், கொடிக்கு ஒரு துணித்துண்டு போதும். ஆப்பிள் விலை அதிகமென்றால் கொய்யா. தொட்டுப் பார்க்க ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல்துண்டு ஒன்று. குரோமியம் இட்ட நீலத் தோல் கூடாது, குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் முதல் எழுத்தை ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாள்களை ஒன்றாகத் தைத்துச் சுருளாக்க, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் தாய் ஒருவரை, விடுப்பு நாளாகப் பார்த்து, வகுப்புக்கு அழைக்கலாம். ஊசி மட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்.